ஜீப்பை முதலில் செய்தவர்களை ஏன் ஒருத்தருக்கும் தெரியாது?

ஜீப் என்ற சொல் எங்களுக்கு ஆங்கிலச் சொல்லாகவே படுவதில்லை. பொலிஸ் ஜீப், ஆமி ஜீப், தோட்டத்துத் துரையின் ஜீப், காடு பார்க்கப் போற ஜீப். நாலு சில்லும் இழுக்கிற எந்த வாகனத்தைக் கண்டாலும் ஊரில் அது ஜீப்தான். சரி, அந்த முதலாவது ஜீப்பைச் செய்த கம்பனி எது எண்டு கேட்டால்? கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் உடனே "வில்லிஸ்" என்பார்கள். கொஞ்சம் கூட வாசித்தவர்கள் "ஃபோர்டும் செய்தது" என்பார்கள். இரண்டு கம்பனிகளும் ஜீப் செய்தது உண்மை. ஆனால் இரண்டுமே முதலில் செய்யவில்லை.

முதலில் செய்தது அமெரிக்கன் பன்ரம். பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற சிறு நகரத்தில் இருந்த சின்னக் கம்பனி. 1940இல் அமெரிக்க இராணுவம் இலேசான, நாலு சில்லும் இழுக்கிற உளவு வாகனம் ஒன்று வேண்டுமென்று 135 கம்பனிகளுக்கு அறிவித்தது. மாதிரி வாகனத்துக்குக் கொடுத்த காலம் 49 நாட்கள். பெரிய கம்பனிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கடனில் மூழ்கிக் கிடந்த பன்ரம், கார்ல் ப்ரொப்ஸ்ற் என்ற பொறியியலாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடவைத்து, அந்த வருடம் செப்டெம்பர் 23ஆம் திகதி சொன்ன தவணைக்குள் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் கதை. பன்ரம் சின்னத் தொழிற்சாலை, இராணுவத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில் செய்ய இதால் ஏலாது என்று சொல்லி, அதன் வரைபடங்களை இராணுவம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. போர் முடியும்போது அந்த இரண்டு கம்பனிகளும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து முடித்திருந்தன. பன்ரம் செய்தது ஏறக்குறைய 2,700. மிச்சப் போர்க் காலத்தில் அதே ஜீப்புகளுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற இழுவைப் பெட்டிகளை அது செய்துகொண்டிருந்தது. ஜீப்பை நாங்களே உருவாக்கினோம் என்று வில்லிஸ் விளம்பரம் போட, அப்படிச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 1948இல் உத்தரவு போட்டது. உத்தரவு ஒரு பக்கம் கிடந்தது, பெயர் மறுபக்கம் போய்விட்டது. 1950இல் "ஜீப்" வில்லிஸின் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர்.

பழைய காரின் படத்தைப் போட்டு "இது எந்தக் கம்பனி, சொல்லுங்கோ பாப்பம்" எண்டு கேட்கிற விளையாட்டு உலகம் முழுக்க இருக்கு. எங்களுக்கும் பிடிக்கும். முன்பக்கத்து ரேடியேற்றர், விளக்கு, சில்லு மூடி, கதவு திறக்கிற பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒருவரும் கேள்விப்படாத பெயரைக் கண்டுபிடிக்கிற சந்தோசம் தனி. ஆனால் பெயரைச் சொன்னவுடன் விளையாட்டு முடிந்துவிடுகிறது. பெரிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: இந்தப் பெயர் ஏன் தொலைந்தது?

இதற்குப் பொதுவாகக் கிடைக்கிற பதில், "நல்ல கார் எண்டால் நிலைச்சிருக்கும், கூடாதது அழிஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்பது. இந்தப் பதிலோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. ஒரு கம்பனி மூடப்படுவது ஒன்று, மறக்கப்படுவது வேறொன்று. மூடப்படுவதற்குச் சந்தை காரணமாக இருக்கலாம். மறக்கப்படுவதற்கு, அதன் கதையைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

நினைவில் நிற்பவை எவை?

தரம்தான் நினைவைத் தீர்மானிக்கிறது என்றால் ட்ரபன்ற் காரை உலகம் எப்போதோ மறந்திருக்கவேண்டும். கிழக்கு ஜேர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்தார்கள். கிட்டத்தட்ட 30 லட்சம் கார்கள். இரண்டு அடி எஞ்சின், பின்னால் நீலப் புகை. உடம்பு இரும்புத் தகடு இல்லை, பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. வாங்கப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நல்ல கார் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1989இல் பேர்லின் மதில் விழுந்தபோது அதைக் கடந்துபோன கார்கள் அவை. உலகத்துக் கமராக்கள் எல்லாம் அங்கே நின்றன. இன்றைக்கு ட்ரபன்றில் ஏற்றி ஊர் சுற்றிக்காட்டுவதே பேர்லினில் ஒரு தொழில்.

டிலோறியனை எடுங்கள். வட அயர்லாந்தில் பெல்பாஸ்ற்றுக்குப் பக்கத்தில் 1981இலும் 1982இலும் ஏறக்குறைய 9,000 கார்கள் செய்துவிட்டுக் கம்பனி விழுந்தது. 1985இல் 'பக் டு த பியூச்சர்' படத்தில் கால இயந்திரமாக வந்தது, இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரக்கர் அதைவிடச் சின்னது. 1948இல் சிக்காகோவில் செய்தது மாதிரிக் காரோடு சேர்த்து மொத்தமே 51. ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1988இல் அதைப் படமாக்கினார், ரக்கரின் பெயர் தப்பிவிட்டது.

51 கார் செய்த கம்பனியின் பெயர் நிற்கிறது. ஜீப்பை உருவாக்கின கம்பனியின் பெயர் நிற்கவில்லை. இதைத் தரத்தாலோ எண்ணிக்கையாலோ விளங்கப்படுத்த ஏலாது.

"பெண்கள் செய்த கார்"

ஸ்கொட்லாந்தின் தென்மேற்கில் ரொங்லண்ட் என்ற ஊர். முதலாம் உலகப் போரில் அங்கே விமான எஞ்சின் பாகங்கள் செய்ய ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். போர் முடிய, மற்ற எல்லா இடத்திலும் பெண்களை "சரி, இனி வீட்டை போங்கோ" எண்டு அனுப்பின காலம். ரொங்லண்டில் மாத்திரம் அதே பெண்களை வைத்துக் கார் செய்யத் தொடங்கினார்கள். காரின் பெயர் கலோவே. தொழிற்சாலையை நடத்தியவர் டொறத்தே புலிஞ்சர் என்ற பெண் பொறியியலாளர்.

புலிஞ்சர் சும்மா ஆள் இல்லை. போர்க் காலத்தில் பாரோ நகரத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் 7,000 பெண் தொழிலாளர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அதற்கு முதல், 1914இல், வாகனப் பொறியியலாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். சங்க விதியில் "நபர்" என்று இருக்கிறதாம், நபர் என்றால் ஆணாம், பெண் இல்லையாம். போர் முடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. 1924இல் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் கார்ப் போட்டியில் தானே கலோவேயை ஓட்டி வென்றார்.

கலோவே 1928இல் நின்றது. அந்தக் காலத்தில் மொறிஸ் போன்ற பெரிய கம்பனிகள் மலிவு விலையில் கார்களைக் கொட்டத் தொடங்கியிருந்தன, சின்னக் கம்பனிகள் நிறைய விழுந்தன. அது சந்தை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் புலிஞ்சர் கார் துறையைவிட்டே போனதற்குச் சந்தை காரணம் இல்லை. ஆம்பிளையின்ர வேலையைப் பறிக்கிறாய் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, லண்டனுக்குப் பக்கத்தில் குரொய்டனில் பெரிய சலவைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். துணி துவைக்கிற வேலைக்கு எந்த ஆணும் போட்டிக்கு வரமாட்டான் என்ற கணக்கு. கார் செய்த பொறியியலாளரைச் சலவைக்கு அனுப்பின சமூகம், அவர் செய்த காரை மட்டும் நினைவில் வைத்திருக்குமா?

ஒன்றுகூட மிஞ்சாத கார்

கலோவேயாவது சில மிஞ்சியிருக்கின்றன. பற்றர்சன்-கிறீன்ஃபீல்ட் காரில் இதுவரை ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

சாள்ஸ் றிச்சர்ட் பற்றர்சன் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். கொல்லுத் தொழில் படித்து, ஒஹாயோ மாநிலம் கிறீன்ஃபீல்ட் என்ற ஊரில் குதிரை வண்டி செய்கிற தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர் ஆனார். அவருக்குப் பிறகு மகன் ஃபிரெடெரிக் பொறுப்பெடுத்தார். குதிரை வண்டிக்கு இனி எதிர்காலம் இல்லை என்று கண்டு 1915இல் கார் செய்யத் தொடங்கினார். கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் அமெரிக்கக் கார்க் கம்பனி அதுதான்.

விலை 850 டொலர். அந்த வருடம் ஃபோர்டின் மொடல் டி ஏறக்குறைய அதில் பாதி விலை. அசெம்பிளி வரிசையில் ஆயிரமாயிரமாகக் கார் இறக்குகிற ஃபோர்டோடு, கையால் ஒவ்வொன்றாகச் செய்கிற குடும்பக் கம்பனி எப்படிப் போட்டி போடும்? சில வருடங்களில் கார் செய்வதை நிறுத்திவிட்டு, மற்றக் கம்பனிகளின் செசியில் பஸ் உடம்பு கட்டுகிற வேலைக்கு மாறினார்கள். ஒஹாயோவின் பாடசாலை பஸ்கள் பல அவர்கள் கட்டினவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் தள்ளாடி, 1939இல் மூடப்பட்டது. வாகனத் துறையில் சாதித்தவர்களுக்கென்று அமெரிக்காவில் இருக்கிற புகழ் மண்டபத்தில் தந்தையினதும் மகனினதும் பெயர் ஏறியது 2021இல். முதற்கார் வெளிவந்து 106 வருடங்களுக்குப் பிறகு.

இங்கேதான் அடையாளம் காண்பது என்ற வேலை விளையாட்டாக இல்லாமல் போகிறது. அந்தக் காலத்துச் சின்னக் கம்பனிகள் எஞ்சினைத் தாங்களே செய்வதில்லை. கொன்ரினென்ரல் போன்ற எஞ்சின் கம்பனிகளிடம் வாங்கிப் பூட்டுவார்கள். பற்றர்சன் காரிலும் கொன்ரினென்ரல் எஞ்சின்தான். அதே கம்பனியின் எஞ்சின்கள் வேறு எத்தனையோ கார்களிலும் இருந்தன. அப்படியென்றால், முன்பக்கத்துப் பெயர்த் தகடு கழன்றுபோனால் இது பற்றர்சன் என்று சொல்ல என்ன மிஞ்சும்? எங்கேயாவது ஒரு களஞ்சியத்தில் துருப்பிடித்து ஒன்று கிடந்தால்கூட, பார்க்கிறவர் "ஏதோ ஒரு பழைய கார்" என்று இரும்புக்குப் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஒரு தகட்டிலும் ஒரு கடதாசிக் கட்டிலும்தான் ஒரு குடும்பத்தின் வரலாறு தொங்கிக்கொண்டிருக்கிறது.

விழுங்கப்பட்ட பெயர்கள்

மறதிக்கு இன்னொரு வழியும் உண்டு. பெயரைக் கொல்லாமலே அர்த்தத்தைக் கொல்வது. ஒஸ்ரினும் மொறிஸும் பிரித்தானியாவில் பரம எதிரிகள். 1952இல் இரண்டும் சேர்ந்து பி.எம்.சி ஆனது. அதற்குப் பிறகு ஒரே காரைச் செய்து வேறு வேறு தகடு குத்தி விற்றார்கள். 1950களின் கடைசியில் வந்த ஒரு குடும்பக் கார், முன்பக்கத்து வலையையும் உள் அலங்காரத்தையும் கொஞ்சம் மாற்றி ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. என்று ஐந்து பெயரில் கடைக்கு வந்தது. தகட்டைப் பார்த்துக் கம்பனியைச் சொல்கிறவருக்கு இதில் என்ன விடை? ஐந்தும் சரி, ஐந்தும் பிழை. இப்படிப் பெயரை வெறும் ஒட்டுத்தாள் ஆக்கின பிறகு, 1980களில் மொறிஸும் ஒஸ்ரினும் அடுத்தடுத்துக் காணாமல் போனபோது பெரிதாக ஒன்றும் விழுந்தமாதிரி ஒருத்தருக்கும் தெரியவில்லை. எம்.ஜி. என்ற பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி இன்று ஒரு சீனக் கம்பனியிடம் இருக்கிறது.

பிறந்த இடத்தில் இப்படிக் கரைந்த ஒஸ்ரின், யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி வாழ்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வரவில்லை. நாங்கள் பிறக்க முந்தின கதை, ஆனால் எல்லா வீட்டிலும் கேட்டு வளர்ந்த கதை. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். புது எஞ்சின் அதற்குச் சரிவராது. ஏ-40 போன்ற பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மட்டமான எரிபொருளையும் சமாளித்தன. புது வாகனமும் வராது, உதிரிப்பாகமும் வராது. இருந்ததைக் கழற்றி, கடைந்து, ஒட்டிப் பாவித்தார்கள். லோங்பிறிட்ஜில் அந்தக் காரை வரைந்தவர்கள் கனவிலும் நினைக்காத பாவனை அது.

அந்தக் கார்கள் இன்றைக்கும் சில இருக்கின்றன, பெரும்பாலும் கலியாண வீட்டுப் படப்பிடிப்புக்கு. நாங்கள் அதில் சாய்ந்துநின்று படம் எடுத்து, "விண்டேஜ்" எண்டு போட்டுவிட்டுப் போறம். அது ஏ-40 சோமசெட்டா, கேம்பிரிட்ஜா எண்டு கேட்கிறதில்லை. எந்தக் கராஜில் ஆர் அதை மண்ணெண்ணெய்க்கு மாற்றினது என்று கேட்பவர் அதைவிடக் குறைவு. ஒஸ்ரினின் பிரித்தானிய வரலாற்றை எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கழகங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுத எங்களைவிட்டால் ஆர்?

தெற்கிலும் இதே மறதிதான். இறக்குமதி இறுக்கமாக இருந்த 1970களில் உபாலி விஜேவர்தனவின் கம்பனி ஃபியற், மஸ்டா கார்களை இலங்கையிலேயே பொருத்தி, உபாலி ஃபியற், உபாலி மஸ்டா என்று விட்டது. 1983இல் மலேசியாவில் இருந்து கொழும்புக்கு வந்த அவருடைய விமானம் காணாமல்போன மர்மத்தை எல்லாரும் கதைக்கிறார்கள். கண்டோஸ் சொக்கிளேற் தெரியும், பத்திரிகைகள் தெரியும். இந்த நாட்டில் ஒரு காலம் காரில் உள்ளூர்ப் பெயர் ஒன்று இருந்தது என்பது எங்கள் வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, என்ன செய்யலாம்?

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். எல்லாவற்றையும் நினைவில் வைக்க ஏலுமா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொட்டிலுக்கு ஒரு கார்க் கம்பனி இருந்தது. பலது உண்மையிலேயே கூடாத கார், சிலது காசு சுருட்ட வந்த ஏமாற்று. அவற்றை மறந்தால் என்ன? நியாயமான கேள்விதான். எல்லாக் கம்பனிக்கும் சிலை வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மறந்ததை "தகுதியில்லாதது" என்று சொல்லி முடிக்கவேண்டாம் என்றுதான் கேட்கிறோம். பன்ரமும் கலோவேயும் பற்றர்சனும் தோற்ற காரணங்கள் வேறு வேறு. மறக்கப்பட்ட காரணம் ஒன்றுதான்: அவர்களுக்காகக் கதை சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர்களுக்கு அவர்கள் முக்கியமாகப் படவில்லை. அப்படி முக்கியமில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு வேறு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதனால் அடுத்த முறை ஒரு பழைய காரைக் கண்டால் பெயரோடு நிக்காதேங்கோ. சொந்தக்காரரிடம் கேட்டு பொனற்றைத் திறந்து செசி நம்பர், எஞ்சின் நம்பர் இருக்கிற தகட்டைப் படம் எடுங்கோ. இரண்டும் வாகனப் புத்தகத்தோடு பொருந்துதா எண்டு பாருங்கோ. பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது, எஞ்சின் எங்கே எப்போது மாறினது என்ற கதை அதற்குள் இருக்கும். பிறகு அதைத் திருத்தின மெக்கானிக் ஐயாவைத் தேடிப் போங்கோ. அந்தத் தலைமுறைக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. ஆற அமர இருந்து கேளுங்கோ, போனில் பதிவு செய்யுங்கோ, திகதி போட்டு எழுதி வையுங்கோ. உதிரிப்பாகத்துக்கு என்ன செய்தனீங்கள், ஆரிட்ட தொழில் படிச்சனீங்கள் எண்டு கேட்டாலே அவை நிறையச் சொல்லுவினம். எழுதினதை எங்களுக்கும் அனுப்புங்கோ, வாசிக்க ஆவலாக இருக்கிறம்.